சாவி

எட்டு மணிக்குள் ஏழு தடவை.
எண்ணியது நான்தான்.
பீஸ் எண்ணிப் பழகிய வாய்
வீட்டிலும் சும்மா இருப்பதில்லை.

லைன் வீட்டில் ஆறு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ்.
சாவி, எலாஸ்டிக் நாடாவில் கோத்து
நடுச்சுவர் ஆணியில் தொங்கும்.
தர்னீஷ் எக்கி எடுப்பான், ஓடுவான்,
திரும்பி வந்து மாட்டுவான்,
தட்டு முன்னால் உட்காருவதற்குள் மறுபடி எக்குவான்.
போனால் மூன்று சொட்டு.

எரியுதா சாமி?
இல்லைம்மா.
வலிக்குதா?
இல்லைம்மா. வருது, அவ்வளவுதான்.

ராத்திரி மட்டும்
பாய் நனையாமல்
கல்லாட்டம் தூங்குகிறான்.

சூடு என்றார்கள். வெந்தயம் ஊறப்போட்டேன்,
தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன்.
தண்ணியைக் குறை என்றார்கள். குறைத்தேன்.
நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்த சென்னியப்பன்
சாவிச் சத்தத்துக்குப் புரண்டு
ஒருநாள் அவனை அடிக்கக் கை ஓங்கினார்.
மூன்றாம் வீட்டு வசந்தாமணி அக்காதான்
"ஏனுங் பூங்கொடி,
எதுக்கும் ஒருக்கா சர்க்கரை பாத்துப்போடு" என்றது.
அன்றைக்கு நான் தூங்கவில்லை.
ஆறு வயசு. ஊசி. ஆயுசுக்கும் ஊசி.

காங்கயம் ரோட்டு ஆஸ்பத்திரி. அரைநாள் சம்பளம்.
சின்ன டப்பாவில் பிடித்துக் கொடுத்தோம்,
இந்த ஒரு இடத்தில்தான் அவனுக்கு வரவில்லை,
முக்கால் மணி நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.
சர்க்கரை இல்லை. கிருமி இல்லை.
"நல்லா இருக்கான். தண்ணி குறைக்காதீங்க,
திட்டாதீங்க, எண்ணாதீங்க.
சில வாரம், சில மாசம். தானா வந்தது தானாப் போயிரும்."
பேனாவை மூடிக்கொண்டே டாக்டரம்மா கேட்டார்:
புதுசா ஏதாச்சும் நடந்துச்சா?
ஒண்ணுமில்லீங்க என்றேன்.

டவுன் பஸ் ஜன்னலைப் பார்த்தபடியே அவன் சொன்னான்:
"யோகிதா பெஞ்சிலயே போயிட்டா.
மிஸ் அவளையே தொடைக்கச் சொன்னாங்க.
கர்சீப்பில தொடைச்சா.
கர்சீப் சின்னதும்மா."

எப்போ?
"அப்போ."

நொய்யல் பாலம் வந்தது, நாற்றம் வந்தது, போனது.
மடியில் கிடந்த என் தண்ணி பாட்டிலை
அவன் தூக்கிப் பார்த்தான்.
காலையில் நிரப்பியது நிரப்பியபடி.
"உங்க மிஸ்ஸும் விடமாட்டாங்களா?"

ஓவர்லாக் வரிசையில் எண்பது மெஷின்.
கழுத்தில் மாட்டிப் போக டோக்கன் இரண்டு.
ஒரு வருஷமாகத் தாகம் எடுப்பதில்லை எனக்கு,
எடுத்தாலும் தெரிவதில்லை.
பதில் சொல்லவில்லை. டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் போனேன், சண்டைக்குத்தான்.
மிஸ்ஸுக்கு இருபத்திரண்டு இருக்கும்.
நாற்பத்தொரு பிள்ளைகள், ஒரு ஃபேன்.
சொல்லச் சொல்ல அந்தப் பொண்ணின் முகம் சுண்டியது.
"கேக்காமயே போகட்டும்க்கா" என்றாள்.
வாசல் வரை கூட வந்தாள்.

எந்த நாளில் நின்றது என்று தெரியாது.
எண்ணாமல் விட்டதில் வந்த நட்டம் அது.
ஒரு ஞாயிறு, பின்வீட்டு ஒடிசாக்காரி சபித்ரி
ஆணியிலிருந்த சாவியை ஆட்டிக்காட்டி
எங்கே அவன் என்பது போலப் புருவம் உயர்த்தினாள்.
சாக்கடை ஓரம் நூல் கோன் அட்டைகளை
ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான்,
ஒன்பதாவது கோனில் மூச்சைப் பிடித்தபடி.

திங்கள், பதினொன்றே கால்.
மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தேன்.
"இப்பத்தானே டீ டைம் முடிஞ்சது"
வாட்சைப் பார்க்கிறார் சூப்பர்வைசர்.

வருதுங்க,
அவ்வளவுதான்.