பெயர்ப்பலகை

எட்டடி நீளம், ஐந்தடி உயரம்,
வெள்ளைத் தகரத்தில் நீல எழுத்து:
வெளிச்சம் தரும் கரங்கள்.
கடலுக்கு அப்பால் ஏதோ குளிர் ஊரில்
மாதாமாதம் சம்பளத்தில் கிள்ளிவைத்த
முந்நூறு பேரின் மனசு அது.
ருக்குரு ஆற்றுப் பாலம் தாண்டினால்
பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பலகைதான் தெரியும்.

வகுப்பறை வந்தது உண்மை.
மூன்று வருடம் அத்திமரத்தடியில்
காற்று புரட்டிய பக்கத்தையே
பாடமாக நடத்தியவள் நான்,
நன்றி கெட்டுப் பேசமாட்டேன்.
தகரக் கூரையில் மழை இறங்கினால்
என் வாயசைவது மட்டும் பிள்ளைகளுக்குத் தெரியும்.
அதனாலென்ன, நோட்டு நனையவில்லை.

செங்கல் சுட்டது நாங்கள்.
ஒப்பந்தத்தில் அதற்கு ஒரே வரி:
'சமூகப் பங்களிப்பு.'
அந்த ஒரு வரிக்குள்
நாற்பது நாள் மணல் சுமந்தாள் டெலிவே,
ஏழு மாதக் கர்ப்பத்தோடு.
பலகையில் இடம் போதவில்லை.

பெண்பிள்ளைகளுக்கு மூன்று கழிப்பறை.
சுவர் இருந்தது, குழி இருந்தது,
கதவு திட்டத்தில் இல்லை.
சாக்குத் துணி தொங்கவிட்டோம்,
ஆடு தின்றது.
இன்னொன்று தொங்கவிட்டோம்,
பையன்கள் விலக்கிப் பார்த்துச் சிரித்தார்கள்.
ஏழாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில்
மாதம் நான்கு நாள், ஐந்து நாள்
சிவப்பு மையில் நான் போட்ட வட்டங்கள்:
வெஸி, தவோங்கா, தியெஸ்கே.
காரணம் கேட்க வேண்டியதில்லை, நானும் பெண்தான்.
கடிதம் எழுதினேன். பதில் மரியாதையாக வந்தது:
'அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கிறோம்.'

பிப்ரவரியில் ஒரு ராத்திரி
காற்று எழுந்து கால்களை முறித்தது.
விடிந்தபோது பலகை
கோண்ட்வேயின் சோளக்கொல்லையில்
மல்லாந்து கிடந்தது.
"நல்ல தகரம் டீச்சர்" என்றார் தச்சர் சவுலா.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாம் நாள் அவர் ரம்பத்தை எடுத்தார்.

சொல்லுக்கு ஒரு கதவாக மூன்று கதவு.
பழைய டயர் வெட்டிக் கீல்,
வளைத்த ஆணியில் தாழ்ப்பாள்.
எழுத்தை உள்பக்கம் வைத்தார்,
வெளியே நின்று பார்க்கும் அதிகாரிக்கு
வெறுந்தகரம்தான் தெரியும்.
இப்போது பிள்ளைகள் கதவைப் பெயர் சொல்லித்தான் கேட்கிறார்கள்:
"வெளிச்சத்தில் ஆள் இருக்கா?"
"இருக்கு. கரங்களுக்குப் போ!"

ஜூலையில் ஜீப் வந்தது.
லிலோங்வே அதிகாரியின் கழுத்தில் கேமரா,
கூடவே மெலிந்த ஒரு டச்சுக்காரி, பெயர் யூதித்.
"பலகை எங்கே?" என்றார் அதிகாரி.
ஆற்றோடு போய்விட்டது என்று
ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன்.
வாயைத் திறக்குமுன் அந்த அம்மா
மெல்லக் கேட்டாள், கழிப்பறை எந்தப் பக்கம்?
ஆறு மணி நேர ரோடு. அவளைக் குற்றம் சொல்ல முடியுமா?

தாழ்ப்பாள் விழுந்த சத்தம்.
பிறகு சத்தமே இல்லை.
அத்திப்பழம் ஒன்று விழுந்தது,
இன்னொன்று விழுந்தது.
அதிகாரி கடிகாரம் பார்த்தார்.
எனக்கு உள்ளங்கை ஈரமாயிற்று.

வெளியே வந்து கை கழுவினாள்,
தேவைக்கு மேல் நேரமெடுத்து.
"கீல் யார் செய்தது?" என்று மட்டும் கேட்டாள்.
சவுலா தொப்பியைக் கழற்றினார்.
படம் எதன் முன்னால் எடுப்பது என்ற குழப்பத்தில்
கடைசியில் பிள்ளைகள் முன்னாலேயே எடுத்தார்கள்.

இன்று அறிக்கைப் படிவம் வந்திருக்கிறது.
மாணவியர் வருகை? கூடியிருக்கிறது.
வெஸியின் வரிசையில் மூன்று மாதமாக வட்டமில்லை.
தியெஸ்கேயின் வரிசை ஜனவரியோடு நிற்கிறது.
கதவு வருமுன் அவளுக்குக் கல்யாணம் வந்துவிட்டது;
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை,
ஓரத்தில் எழுதினேன்.
நன்கொடையாளர் பெயர்ப்பலகை
அனைவர் பார்வையிலும் உள்ளதா?
நெடுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு எழுதினேன்:
தினமும் வாசிக்கப்படுகிறது.
வேறு தேவைகள்?
சோப்பு. ஆணி.
'தரும்' சரியாகத் தாழிடவில்லை.