மேலும் சில சிறு திருத்தங்கள்

லியூப்லியானாவில் நவம்பர் என்றால்
ஆற்றின் மேல் மூடுபனி, அதன் மேல் இன்னொரு மூடுபனி.
மூன்றாம் மாடி ஜன்னலில் பாலம் தெரியவேண்டும்.
தெரிவது அதன் விளக்குகள் மட்டும்.
உள்ளே நாங்கள் இருவர், ஒரு ஹீட்டர்,
வாடகைக்கு எங்கோ ஓடும் ஒரு சர்வர்,
ஒன்பதாயிரம் பேர் சேர்த்துவைத்த சுட்டிகள்.
நிரல் கோராஸ்தின் வேலை.
புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்று
ஊருக்கு அறிவிப்பது என் வேலை.

எழுதுகிறேன்:
செத்துப்போன சுட்டிகள் இனிச் சாம்பல் நிறத்தில் தெரியும்.
இரவு இரண்டு மணிக்கு ஒரு சின்ன நிரல்
கதவு கதவாகப் போய்த் தட்டும், மூன்று முறை.
பதில் இல்லையென்றால் குறித்துக்கொண்டு நகரும்.
மாரிபோரில் தேனீ வளர்க்கும் ஸ்லாவிட்சா
இதற்காக ஏழு கடிதம் போட்டிருந்தார்.
சோதனை ஓட்டத்தில்
அவர் சேர்த்ததில் பாதி சாம்பல்.
இதைத்தான் கேட்டாரா என்று தெரியவில்லை.

கூட்டுப் பட்டியலில் ஒருவர் அழித்ததை
மற்றவர் முப்பது நாளுக்குள் மீட்கலாம்.
(விவாகரத்தான ஒரு தம்பதிக்காகச் செய்தது. பெயர் வேண்டாம்.)
'ரொட்டி', 'ரொட்டிகள்', 'ரொட்டி, அவசரத்துக்கு'
மூன்று குறிச்சொல்லையும் ஒன்றாக்கலாம்.

பிறகு, 'இது வேறு யாரிடம்?' என்ற பொத்தான்.
தொட்டால், அதே சுட்டியைச் சேமித்தவர்களின் பெயர்கள்
தேதியோடு இறங்கி வரும்.
மூன்று வாரம் தூங்காமல் செய்தான் கோராஸ்த்.
"எவனும் தனியாகப் படிப்பதில்லை, நேஷா.
அது அவனுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்" என்பான்,
தேவைக்கு மேல் உரக்க.

என் சுட்டிகளிலேயே சோதித்தேன்.
காலணி தைப்பவரின் கடை: இருபத்திரண்டு பேர்.
சோச்சா நதியின் நீர்மட்டம்: நானூறு.
பூசணிவிதை எண்ணெய்க் கேக்: நான் மட்டும்.
கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பிறகு அந்தப் பக்கம்.
நாற்பது வயதுக்கு முன்பே
காது மந்தமாவது பற்றி ஒரு மருத்துவர் எழுதியது.
போன வசந்தத்தில் எரிச்சலில் சேமித்தேன்,
அவனுக்கு அனுப்பலாம் என்று, ஒரு குத்தலாக.
அனுப்பவில்லை.
எதையும் இரண்டு முறை சொல்லவேண்டும் அவனிடம்.
ஊதிய சங்கெல்லாம் வீண் என்று
எத்தனை மாலை ஆறாம் எண் பேருந்தில்
முணுமுணுத்திருப்பேன்.

பொத்தானைத் தொட்டேன்.
இரண்டு பெயர்கள்.
என்னுடையது கீழே.
மேலே அவனுடையது,
எனக்கு இரண்டு வருடம் முந்திய தேதி,
பக்கத்தில் ஒரு பூட்டு.
யாருக்கும் காட்டாதே என்று அவனே போட்ட பூட்டை
அவன் எழுதிய நிரலே மதிக்கவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம்
தலையை இடப்புறம் திருப்பி
வலக்காதை என் பக்கம் காட்டி உட்கார்ந்திருந்தான்.
எப்போதும் அப்படித்தான்.
திமிர் என்று நினைத்திருந்தேன்.

"அந்தப் பொத்தானில் ஒரு பிழை" என்றேன்.
திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
எழுந்து, என் முகம் அவன் கண்ணில் படும்படி நின்று
மறுபடி சொன்னேன்: பூட்டியதும் தெரிகிறது.
"எந்தச் சுட்டியில்?"
"பூசணிக் கேக்."
"கேக்கையா பூட்டிவைப்பார்கள்?" சிரித்தான்.
சிரிப்பு பாதியில் நின்றது.
விரல்கள் எழுத்துகளின் மேல்
அழுத்தாமல் கிடந்தன கொஞ்ச நேரம்.

அப்புறம் ஏதோ சொன்னான்,
அவனிடம் நான் கேட்டேயிராத சிறிய குரலில்.
"என்ன?" என்றேன்.
"இந்தப் பதிப்பில் அது வேண்டாம்."

அந்தப் பத்தியை எடுத்துவிட்டு
'மேலும் சில சிறு திருத்தங்கள்' என்று போட்டேன்.
ஹீட்டரை நகர்த்தும் சாக்கில்
என் நாற்காலி அவன் வலப்பக்கம் வந்தது.
ஆறு மணிக்கு வெளியிட்டோம்.
ஆறு ஐந்துக்கு முதல் கடிதம், க்ரானியிலிருந்து:
சாம்பல் நிறம் கண்ணுக்கே தெரியவில்லை,
கொஞ்சம் கருப்பாக்கக் கூடாதா?

அவனுக்குப் படித்துக் காட்டினேன்,
தேவையான அளவு சத்தத்தில்.