தண்ணி கட்டிப் பார்த்தது

புயல் கரை கடந்த மூன்றாம் நாள்,
தெருவில் தண்ணீர் வடியுமுன்பே வந்துவிட்டன
நோட்டீஸ்கள். கதவிடுக்கில், பைக் சீட்டில்,
ஈரம் காயாத மின்கம்பத்தில்:
‘ஒழுகுதா? ஒரே கோட்டு. பத்து வருஷம் கேரண்டி.’

இளைய முதலி தெருவில்
எங்கள் மாடிக்கு வயது முப்பத்தொன்று.
தையல் மிஷினுக்கு மேலே ஒரு கறை.
தீபாவளிக்குத் தோசை அளவு,
புயல் இரவில் ஆப்பிரிக்கா.
அதற்குக் கீழே நனைந்து கிடந்தன
பள்ளிக்கூடத்துக்குத் தைத்துத் தரவேண்டிய
நாற்பது சட்டைகள்.

அவன் வந்தான். சட்டைப்பையில் இரண்டு பேனா.
“பக்கத்துத் தெருவுல வேலை ஓடுது மேடம்.
மிச்ச மெட்டீரியல் இருக்கு, உங்களுக்குப் பாதி ரேட்டு.”
எந்த வீடு என்று நான் கேட்கவில்லை.
குந்தி உட்கார்ந்து
ஸ்க்ரூடிரைவரால் ஓட்டின் இடுக்கைக் கிளறி
அவனே ஒரு சில்லைப் பெயர்த்து அவனே காட்டினான்.
“உள்ள எல்லாம் போச்சு. அடுத்த மழை தாங்காது.
புள்ளைங்க தூங்கற ரூம் வேற.”
அந்தக் கடைசி வாக்கியத்தில்
நான் பீரோவைத் திறந்தேன்.

பதினெட்டாயிரம்.
கார்டில் பெயர் இருந்தது, கதவு எண் இல்லை.
ரசீது? “நாளைக்கு புக்கு கொண்டாரேன்.”
ஒரே மத்தியானத்தில் மாடி முழுக்க வெள்ளி.
மகள் செருப்பில்லாமல் ஓடி
நிலாவில் நடக்கிறேன் என்றாள்.
எண்ணூர்க் கரி அதன்மேல் படிய நான்கு நாள்.
ஐந்தாம் நாள் மழையில்
குழாய் வழியே இறங்கி
சாக்கடை வரை மீன்செதிலாய் மின்னிப் போனது
என் பதினெட்டாயிரம்.
‘நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை’
என்றது ஒரு பெண்குரல், மிக மரியாதையாக.

யாரிடமும் சொல்லவில்லை.
மாவு மிஷினில் ஒருநாள் வாய்தவறியது.
வரிசையில் நின்ற ஐந்து பேரில்
மூன்று பேர் வீட்டில் வெள்ளி.
அமலோற்பவம் மட்டும்,
“எங்கூட்டுக்குப் பண்ணவரு ரெண்டு மழைக்காலம் முன்னாடி பண்ணாரு.
வந்து கை வெச்சிப் பாரு” என்றாள்.
போய்க் கை வைத்தேன்.
சுவர் சுவராக இருந்தது.

தேசிங்கு வந்தார். ரேட் சொல்லவில்லை.
மழை எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று கேட்டார்.
மூலைத் துவாரத்தில் முழங்கை வரை விட்டு
வெளியே இழுத்தார்:
மாஞ்சா நூல் உருண்டை, காத்தாடிக் குச்சி,
ஒற்றை ரப்பர் செருப்பு.
பிறகு அதே துவாரத்தைச் சாக்கால் அடைத்து
“நாலு விரல் தண்ணி கட்டுங்க. ரெண்டு நாள்.
அதுக்கப்புறம் பேசலாம்.”

இரண்டு நாள் வானம் எங்கள் மாடியில் படுத்துக் கிடந்தது.
காக்கைகள் வந்து குடித்தன.
கீழே நான்
துணி வெட்டும் சாக்கால் ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கோடு போட்டு
அண்ணாந்தே தைத்தேன்.
கறை கோட்டைத் தாண்டவில்லை.

“தளம் நல்லாத்தான் இருக்கு.
புயலன்னிக்கு அடைப்புல தண்ணி ஏறி
கைப்பிடிச் சுவர் விரிசல்ல பூந்திருக்கு.
அத்த மட்டும் அடைச்சா போதும்.”
மகளின் நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதினார்:
செய்வது, செய்யாதது, நாலாயிரத்து எழுநூறு,
பாதி வேலை முடிந்த பிறகு.
கீழே வீட்டு முகவரி, கொருக்குப்பேட்டை.

முதல் ஆளிடம் ஒரு கேள்வி கேட்காதவள்
இவரிடம் பதினொன்று கேட்டேன்.
இரண்டுக்கு “தெரியாதும்மா” என்றார்.
முன்பணத்தில் வேண்டுமென்றே
இருநூறு குறைத்துக் கொடுத்தேன்.
எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டார்.

அதுவும் எனக்குச்
சந்தேகமாகத்தான் இருந்தது.