சோகநாசினியில் ஒன்றரை மணி நேரம்

ஆளுக்கு நானூறு. கிழங்கும் மீனும் தனிக் கணக்கு.
செருப்பைக் கரையிலேயே விடச் சொன்னான் கிட்டுச்சாமி.
பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது.
அதனால் யார் எங்கே உட்காருவது என்று
எங்கள் நாலு பேருக்குள் வந்த சின்னச் சண்டை
சுற்றிச் சுற்றித் தானே தீர்ந்துபோயிற்று.

"இந்த ஆத்துக்குப் பேரு சோகநாசினிங்க."
துக்கத்தை அழிக்கும் தண்ணீர்
முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே ஓடியது.
"ஆழியாத்துல மதகைத் தொறந்தா ஆறு, அடைச்சா மணலு.
ரெண்டு கவர்மெண்டும் காயிதத்துல பேசிக்கிட்டாத்தான்
எனக்குப் பொழப்பு."

குணவதி மேடம் ரிட்டயர் ஆன மறுநாள் அது.
ஊட்டி வேண்டாம், கோயில் வேண்டாம்,
முப்பத்தோரு வருஷம் விபத்துக் கிளைம் பார்த்தாயிற்று,
சித்தூரில் கள் குடிக்க வேண்டும் என்று
பிரிவுபசாரக் கூட்டத்தில் மைக்கிலேயே சொல்லிவிட்டார்.
மாலை போட வந்த மண்டல மேலாளர்
கொஞ்ச நேரம் மாலையோடு நின்றிருந்தார்.

இரண்டு கரையிலும் தென்னை.
தண்ணீருக்குள்ளும் தென்னை, தலைகீழாக;
துடுப்பு போடும்போது மட்டும் குலைந்து
மறுபடி ஒட்டிக்கொள்ளும்.
டொக், டொக் என்று எங்கோ கேட்டது.
மரங்கொத்தி என்று நான் சொல்ல,
"ஆறுச்சாமிங்க" என்றான் கிட்டுச்சாமி.
பாளையை எலும்பால் தட்டிக்கொண்டிருந்த ஆறுச்சாமி
உச்சியிலிருந்து
"எத்தன பேரு?" என்று மட்டும் கேட்டார்.

எடக்கரை களிமண்ணு, கள்ளு கனமா நிக்கும்.
வலக்கரை மணலு, மெலிசு, சட்டுனு போயிரும்.
ஏழு மணிக்கு எறக்குனது எளநீக்குத் தங்கச்சி,
பத்து மணிக்குப் புளிப்பு ஏறும்,
நாலு மணிக்கு மேல அது வேற ஆளுங்க,
நமக்குப் பழக்கமில்லாத ஆளு.
இத்தனையும் சொன்னவன்
தான் தொடுவதில்லை என்றான். வயிறு ஒத்துக்காது.

விடியுமுன் பர்மிட் வண்டிகள்
இங்கிருந்து ஆலப்புழை வரை போகுமாம்.
அங்கே படகுவீட்டு மெத்தையில் சாய்ந்து
அந்த ஊர்க் காற்றை மெச்சிக் குடிப்பவரிடம்
அது இந்த ஊர் மரம் என்று யாரும் சொல்வதில்லை.

மேடம் முதல் கிளாஸை வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தார்.
ஒரு எறும்பு மிதந்தது. விரலால் எடுத்துவிட்டுக் குடித்தார்.
யோசித்தார்.
"ஆவணம் போதாது" என்று நீட்டினார்,
"இன்னொன்று ஊற்றுங்கள்."

பேச்சு நின்றுபோன ஒரு வளைவில்
பரிசலும் நின்றது.
அடியில் மணல் உரசியது.
கிட்டுச்சாமி கைக்கடிகாரத்தைப் பார்த்து
"அடைச்சுட்டாங்க" என்றான்,
கடையை அடைத்ததுபோல.

இறங்கினோம். பேன்ட்டைச் சுருட்டினோம்.
பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் போட்டுக்கொண்டு
அவன் முன்னால் நடந்தான்;
இடுப்புக்குக் கீழே மனிதன், மேலே ஆமை.
காசு வாங்கியாயிற்று அல்லவா,
ஓட்டுக்குள்ளிருந்து வர்ணனை மட்டும் வந்துகொண்டே இருந்தது.
"வலப்பக்கம் பாருங்க, பழைய தடுப்பணை.
எடப்பக்கம் மீன்கொத்தி இருக்கும்."
அவனுக்கு அங்கிருந்து எதுவும் தெரியாது.
மீன்கொத்தி இருந்தது.

கோபாலபுரம் செக்போஸ்ட்டில் டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள்.
எல்லைக்கு அந்தப் பக்கம் பில் போட்டு விற்பது
இந்தப் பக்கம் வழக்கு.
டிக்கியில் ஸ்டெப்னியும் மேடத்தின் பிரிவுபசார மாலையும்.
கள் நாலு வயிற்றில் உட்கார்ந்து
மரியாதையாக எல்லை தாண்டிக்கொண்டிருந்தது.
காவலர் டார்ச்சைக் கீழே இறக்கினார்.
டிரைவரைத் தவிர
ஒருத்தர் காலிலும் செருப்பில்லை.

அவர் ஏதோ கேட்க வாயெடுக்கும்போது
போன் அடித்தது. கிட்டுச்சாமி.
"நாலு ஜோடியும் பத்திரமா இருக்குதுங்க.
அடுத்த மதகுக்கு வாங்க."