மெதுவாக, மேலக்கால் வழியாக

ஞாயிறு காலை ஐந்தரைக்கு
கோச்சடை முத்தையா கோயில் முன்னால் என்று
ஜிகர்தண்டா ரசீதின் பின்புறம் எழுதினேன்.
ஆறே முக்கால் என்று திருத்தினார் ஜபருல்லா.
மார்கழியில் அவருடைய ஹெரால்டு
அவ்வளவு சீக்கிரம் கண் விழிக்காது.

நத்தம் ரோடு வேண்டாம்.
அந்தப் பாலத்தில் ஏறிவிட்டால்
மூச்சு நின்ற வண்டிக்கு ஒதுங்க இடமில்லை.
நாலுவழிச்சாலையோ, லாரிக்காரன்
ஹாரனிலேயே நம்மை வயலில் இறக்கிவிடுவான்.
துவரிமான், மேலக்கால், வைகையை ஒட்டியே சோழவந்தான்;
கொடிக்கால் பக்கம் முதல் நிறுத்தம்.
"நிறுத்தமா, நின்னுபோறதா?"
கேட்டாள் பொன்னுத்தாய்,
அறுபத்தெட்டாம் வருடத்து ஃபியட்டுக்கு
கிளட்ச் கேபிளைத் தானே மாற்றுகிறவள்.

முன்னால் யார் என்பதில்தான் சண்டை.
வயதில் மூத்தது என் மோரிஸ்.
அகலத்தில் மூத்தது செல்வினின் அம்பாசடர்.
கடைசியில் அவள்தான் முடித்துவைத்தாள்:
ஆகச் சூடாகும் வண்டி முதலில் போகட்டும்,
அது இளைப்பாறும் இடமெல்லாம்
நமக்கு டீ.

தண்ணீர்க் குடம் ஏழு, ஃபேன் பெல்ட் ஐந்து,
இழுக்கிற கயிறு ஒன்று.
கயிற்றை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை,
நானாக எழுதிக்கொண்டேன்.
குட்லாடம்பட்டி அருவியில்
தண்ணீர் விழுமா என்றான் ஜீப்புக்கார வைரவன்.
ரேடியேட்டருக்குக் காணுமளவு விழுந்தால் சரி.

விளக்குத்தூணில் கலையும்போது இரவு பத்தரை.
நாலு பேர் ஸ்கூட்டரில் கிளம்பினோம்.
ஜபருல்லா மட்டும்
சிம்மக்கல் ஷேர் ஆட்டோவில்,
ஏறி உட்காரும் முன்னே
"பையப் போப்பா, மேட்டுல சூடாயிரும்"
என்றபடி.