மதுவத் தெரிவு

கென்ட் நகரிலிருந்து வந்த சுகந்தினி
பால்மா ரின்னுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாள்,
இரண்டு பைக்கற், ஒரு பிடி ஹொப்ஸ்.
"தோட்டக்காரர் காய்ச்சின பியர் இது, சூடு கேட்கும்" என்றாள்.
அங்கே முப்பது பாகைக்கு ஏற்ற
கானுக்குப் போர்வை சுற்றி, பெல்ட் பூட்டி
கரண்ட் காசு கட்டுகிறார்களாம்.
பாசையூரில் எங்கள் குசினி
சித்திரையில் விடியமுன்னமே முப்பத்திரண்டு.
சும்மா கிடக்கிறது சூடு.

மூன்றாவது மதுவத்தை நானே பிடித்தேன்:
தவறணைப் பனங்கள்ளின் அடிமண்டி.
ஆஸ்பத்திரியில் சளியும் சீழும் கோடிழுக்கிற கை
வீட்டில் அதைக் கோடிழுத்தது.
தட்டில் முளைத்த வெள்ளைப் புள்ளிகளில்
பாண் மணத்ததை வைத்துக்கொண்டு
மற்றதெல்லாம் கொதிநீரில்.

பார்லி முளை, இரண்டு சுண்டு குரக்கன் முளை.
மூன்று தண்ணீர்க் கான்.
பிளாஸ்டர் ஒட்டி எழுதினேன்: அ, ஆ, இ.

"அ" மூன்று நாள் நுரைத்து
ஆயிரத்து முப்பத்தைந்தில் படுத்துவிட்டது.
ஆட்டினேன், திட்டினேன், முற்றத்து வெயிலில் வைத்தேன்.
அசையவில்லை.

கள்ளில் வந்த "இ"
லேசான சீனியை மட்டும் தின்றது,
வடையோடு எழும்பிப் போகிற சம்பந்தி மாதிரி.

"ஆ"தான் கெட்டிக்காரி.
மிளகு, தோடம்பழத் தோல்,
மழை தொட்ட வைக்கோல் கொஞ்சம்.
ஆறாம் நாள் ஆயிரத்துப் பத்து.
எட்டாம் நாளும் பத்து.
முடிந்தது என்று நம்பிப்
பத்தொன்பது போத்தலுக்கு மூடி அடித்து
அலுமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கினேன்.
றெஜினோல்ட் அரைக் கிளாஸ் குடித்து
"பரவாயில்லை" என்றார்.
அவர் வாயில் அதற்குமேல் வராது.

மற்றவை விட்ட மாச்சத்தையும்
வெட்டி வெட்டித் தின்கிற நொதியம் அதற்கு உண்டு.
பைக்கற்றில் சின்ன எழுத்தில் இருந்ததாம்.
எனக்கு பிளெமிஷ் தெரியாது.

பதினேழாம் இரவு, இரண்டு மணி இருக்கும்.
ஒன்று.
பிறகு இரண்டு சேர்ந்து.
கண் விழித்தால் கட்டிலில் அவர் இல்லை.
சீமெந்துத் தரையில், சுவரோரம்,
முழங்கை ஊன்றி, வாய் திறந்து,
நெஞ்சு நிலத்தில் படாமல்.
கண் மூடியே இருந்தது.
நித்திரையிலேயே இறங்கியிருக்கிறார்.
நாலாவது வெடித்தது.
என் கை தானாகப் பிள்ளை படுக்கிற பக்கம் போனது.
பிள்ளை கொழும்பில். இருபத்தாறு வயது.

பிறகு சிரித்தோம், உண்மையாகத்தான்.
அலுமாரிக் கதவின் கீழால் நுரை வந்தது.
பூசைக்குப் போகிற அவருடைய சேட் மணக்க மணக்க.
எதிர்வீட்டில் ஒரு லைற் எரிந்தது,
ஒருவரும் வெளியே வரவில்லை,
அணைந்தது.

விடிந்ததும் துவாய் சுற்றி ஒவ்வொன்றாய்த் திறந்து
பதினைந்தையும் வாழைக்கு ஊற்றினேன்.

சுவையில் "ஆ"தான். இன்றைக்கும் சொல்வேன்.
ஆனால் கொப்பியில் எழுதியது "அ".
முப்பத்தொராம் நாள்
ஆர் எழுப்பினதோ, தானாக எழும்பி,
மிச்சத்தைத் தின்று, ஆயிரத்து மூன்றில் வந்து நின்றது.
மூன்று கிழமை விடாமல் அளந்தேன்.
மூன்று. மூன்று. மூன்று.
மிளகு குறைவு. மணமும் அப்படித்தான்.

"ஏன் இதை எடுத்தனீர்?" என்றார்.
"நித்திரைக்காரன்" என்றேன்.

அவர் போத்தலைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான்
திறந்தார்.