லோ வோல்டேஜ்

சைகோன் கடையை மூடிவிட்டு வந்த
ஜெகபர் மச்சான் பெட்டியில்
நாலு கைலி, ஒரு கடிகாரம்,
எல்.பி. தட்டு ஒன்று.
அட்டையில் சிவப்புக் குதிரை.
பாஷை யாருக்கும் தெரியாது.

கூத்தாநல்லூரில் குறுவைக்கு
மோட்டார் போட்டுவிட்டால்
கிடார் இழுபடும்,
சேற்றில் கால் புதைந்த மாடாக.
கொங்கா கொட்டுகிறவன்
அடிக்கும் அடிக்கும் நடுவே
ஒரு பீடி பிடித்துவிட்டு வருவான்.
அப்படியே பழகிவிட்டோம்.
தாளம்கூடப் போடுவோம்.

மேட்டூர் திறந்து
வாய்க்கால் தளும்பிய வருஷம்
மோட்டார் எதுவும் ஓடவில்லை.
பல்பு பளிச்சென்று எரிந்தது.
தட்டு
முதன்முதலாகத் தன் வேகத்தில் சுற்றியது.

"யார் துரத்துறா இவனுங்கள?"
என்றான் சேக்தாவூது.

மச்சான் ஒன்றும் பேசவில்லை.
கண்ணை மூடி முழுசாக ஒரு பாட்டுக் கேட்டார்.
அடுத்ததற்கு
தட்டின் விளிம்பில்
மெல்ல ஒரு விரல் வைத்தார்.